புகைவண்டி ஏறிய மிதிவண்டி

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு மிதிவண்டியின் பெருமை விளங்கும். மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளின் முன்னே சரக்கு வண்டிகள் வழியடைத்து நிற்க, அவற்றின் இடுக்கிலே நெளிந்து வளைந்து செல்வது சைக்கிள் ஒன்றுதான். பால் கொண்டு வருபவரும், தேநீர்க் கடைக்குப் பலகாரம் கொடுப்பவரும், வெளுத்த துணியை மூட்டையாகக் கட்டி வீடுதோறும் சேர்ப்பவரும் அதை நம்பியே பிழைத்து வந்திருக்கின்றனர். நம் குடியிருப்பிலும் பெரியவர் பலர் சைக்கிளில் வேலைக்குச் சென்றே மக்களைப் படிக்க வைத்தனர் என்பதை நாம் மறந்துவிடவில்லை.

2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொச்சி மெட்ரோ நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பயணிகள் தங்கள் மிதிவண்டியை மெட்ரோ இரயிலுக்குள்ளேயே கொண்டுவரலாம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதே அதன் சாரம். செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்த சிறு செய்திதான். ஆயினும் அந்தச் சிறு செய்திக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கு ஒன்று உண்டு. புகைவண்டியில் ஏறும் மனிதனோடு மிதிவண்டியும் ஏறலாமா? ஏறினால் அது அவனுடைய மூட்டையா, அல்லது அவனுக்கு வாய்த்த இன்னொரு காலா? இக்கேள்விக்கு நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் சொல்லப்பட்ட விடைகளை ஒருவாறு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று நாம் காணும் வடிவில், இரண்டு சக்கரமும் ஒத்த அளவினதாய், சங்கிலியால் இயங்கும் மிதிவண்டி 1885ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தைக் கொணர்ந்தார். அதன் பின் பத்தே ஆண்டுகளில் மேனாடுகளில் மிதிவண்டி பெருவெள்ளமாய்ப் பரவிற்று. நகரத்து மக்கள் விடுமுறை நாளில் இரயிலேறி நாட்டுப்புறம் சென்று, அங்கே மிதிவண்டியில் ஊர் சுற்ற விரும்பினர். இரயில் கம்பெனிகளுக்கோ இஃது ஒரு தலைவலியாயிற்று. பெட்டியைப் போல் அடுக்க இயலாது. மூட்டையைப் போல் அமுக்க இயலாது. ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு கம்பி வளையும். ஆகவே கட்டணம் கேட்டனர். மக்கள் மறுத்தனர்.

அமெரிக்காவில் மிதிவண்டி ஓட்டுவோர் சங்கமாகத் திரண்டு அரசியலாரை நெருக்கினர். அதன் பயனாக 1896இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டமே இயற்றியது. பயணியின் மிதிவண்டியை அவருடைய மற்றச் சாமான்களைப் போலவே இரயில் கம்பெனி இலவசமாக ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது அச்சட்டம். இங்கிலாந்தில் முடிவு நேர்மாறாக அமைந்தது. பிரிட்டன் என்பார்க்கும் கிரேட் நார்தர்ன் இரயில்வேக்கும் நடந்த வழக்கில், மிதிவண்டி என்பது பயணி தம்முடன் கொண்டு செல்லும் சாதாரணச் சாமான் ஆகாது என்று 1899இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே பொருள், ஏறத்தாழ ஒரே காலம்; கடலுக்கு அப்பால் அது சாமான், இப்பால் அது சாமான் அன்று! பொருளின் தன்மையை மட்டும் வைத்து இவ்விதிகள் பிறப்பதில்லை என்பதை இதனாலேயே உணரலாம். கேட்பவர் எத்துணைப் பேர், அவர் குரல் எவர் செவியில் விழும் என்பதும் விதியை ஆக்குகிறது.

இனி நம் கொச்சிக்கு வருவோம். கொச்சி அரசில் புகைவண்டி ஓடியது 1902இல். சொரனூரிலிருந்து எர்ணாகுளம் வரை அமைந்த அந்தப் பாதைக்குப் பொருள் திரட்டுவதற்காக அன்றைய மன்னர் இராமவர்மா, திருப்பூணித்துறைப் பூர்ணத்திரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்பதை இங்குள்ள மலையாளி நண்பர் எவரைக் கேட்டாலும் பெருமையுடன் சொல்வார். பொன்னை விற்று வாங்கிய இரயிலும் எர்ணாகுளத்தோடு நின்றுவிட்டது. மட்டாஞ்சேரி அக்காலத்தில் வணிகத்தின் நெஞ்சம். ஆயினும் இரயிலுக்கும் அதற்கும் இடையே காயல் கிடந்தது. மிளகு மூட்டையும் மனிதனும் படகேறியே கரை கடக்க வேண்டியிருந்தது.

பின்னர் இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தி, அள்ளிய மண்ணைக் கொண்டே வெல்லிங்டன் தீவை உண்டாக்கினார். தீவுக்கு ஒருபுறம் வெண்டுருத்திப் பாலமும், மறுபுறம் தோப்பும்படிப் பாலமும் எழுந்தன. முன்பு கப்பல் வந்தால் நடுவே தூக்கிக்கொண்ட தோப்பும்படிப் பாலத்தை நம் குழந்தைகள் அறிவார்கள். 1940களில் தீவின் முனைவரை இரயிலும் வந்தது. அப்பாதையில் ஒரு சிறு நிலையத்துக்கு மட்டாஞ்சேரி என்றே பெயரிட்டனர். பெயர்தான் மட்டாஞ்சேரி, நிலையம் நின்றது தீவில்! அங்கே இறங்கியவர் பாலத்தைக் கடந்த பின்னரே உண்மையான மட்டாஞ்சேரியை அடையலாம். கையில் ஒரு சைக்கிள் இருந்தால் அது சிறிது நேரப் பயணம். இல்லையேல், வெயிலில் நெடுநடை. அந்தத் துறைமுகப் பாதையில் பயணிகள் வண்டி நின்றுபோய் இன்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

சரி, அந்த இரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாமே என்றால், இந்திய இரயில்வேயின் விதி அதற்கு இடங்கொடுப்பதில்லை. பயணிக்கு இவ்வளவு கிலோ வரை இலவசம் என்று வகுப்புதோறும் ஒரு சலுகை உண்டு. மிதிவண்டி, ஸ்கூட்டர் போன்றவை அச்சலுகைக்கு உட்பட்டவை அல்ல. எடை எதுவாயினும் கட்டணம் உண்டு. பயணிகள் பெட்டிக்குள் கொண்டுபோக முடியாது. பிரேக் வானில்தான் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னதாகவே நிலையத்துக்குச் சென்று, பார்சல் ஆபீசில் பதிவு செய்து, பணம் கட்டி, சீட்டு ஒட்டி, பளபளப்பான பகுதிகளில் கோணி சுற்றி ஒப்படைக்க வேண்டும். இறங்கும் ஊரில் வண்டியின் கடைசிவரை ஓடிச்சென்று மீட்க வேண்டும். பெயர்ச்சி கிடைத்துக் குடும்பத்தோடு ஊர் மாறும் உத்தியோகஸ்தர்க்கு இது பொருந்தும். அவர் வாழ்நாளில் நான்கைந்து முறை செய்வார். நாள்தோறும் இருபது கிலோமீட்டர் சென்று வேலை பார்த்துத் திரும்பும் தொழிலாளி எப்படிச் செய்வான்? இரண்டு நிமிடம் நிற்கும் பாசஞ்சர் வண்டியில் எப்போது ஏற்றுவான், எப்போது இறக்குவான்?

இதில் இரயில்வேயின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவு செய்து இரசீது பெறாத சாமான் தொலைந்தால், தன் ஊழியரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி இரயில்வே பொறுப்பேற்காது என்று 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டமும் கூறுகிறது. அதாவது, பதிவு என்பது பயணிக்கு ஒரு பாதுகாப்பும் ஆகும். மேலும், நெரிசல் மிகுந்த பெட்டியில் ஒருவர் மிதிவண்டியின் கைப்பிடி மற்றொருவர் விலாவில் குத்தினால் விளையும் சச்சரவை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் நெரிசல் என்ற ஒரே காரணத்தால் உழைப்பவர் சுமையை இரயில் முற்றிலும் விலக்கிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. சென்னையின் மின் இரயில்களில் வியாபாரிகளுக்கென்றே ஒரு பெட்டியை ஒதுக்கியுள்ளனர். மீன் கூடையும், பூக்கூடையும், கீரைக்கட்டும் அதில் ஏறும். பம்பாயில் உணவு அடுக்குகளைக் கொண்டு சேர்க்கும் டப்பாவாலாக்கள் 1890ஆம் ஆண்டு முதலாக அந்நகர இரயிலையே நம்பித் தொழில் செய்து வருகின்றனர். அவர்கள் செய்யும் தந்திரம் கவனிக்கத்தக்கது. மிதிவண்டியை அவர்கள் இரயிலில் ஏற்றுவதில்லை. வீடுகளிலிருந்து அடுக்குகளைத் திரட்டி நிலையத்துக்குக் கொணர ஒரு மிதிவண்டி. இறங்கும் நிலையத்தில் அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்க வேறொரு மிதிவண்டி. இடையே இரயிலின் சாமான் பெட்டியில் செல்வது மரத்தட்டு மட்டுமே. பாதையின் இரு முனையிலும் வண்டி வைத்துக்கொள்ளும் கூட்டமைப்பு இருப்பவர்க்கு இது கைகூடும். ஒற்றை ஆளாய்ப் பிழைப்பவன் இரண்டு சைக்கிளுக்கு எங்கே போவான்?

இங்கே நம்மவர் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொச்சிக் கோட்டைக்கு அருகே வேளி என்னும் இடத்தில் உள்ள டோபி கானாவை நம் குடியிருப்பில் அறியாதவர் இலர். டச்சுக்காரர் ஆட்சியில், படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் சமூகத்தினரின் வழிவந்தோர் அங்கே இன்றும் தமிழ் பேசி வாழ்கின்றனர். டச்சுக்காரர் போயினர், ஆங்கிலேயர் வந்து போயினர், துறைகல்லில் துணி அறையும் ஓசை மட்டும் நிற்கவில்லை. 1976இல் கொச்சிப் பெருநகர வளர்ச்சி ஆணையம் அவர்களுக்குத் தொட்டிகளுடன் கூடிய சலவைக்கூடம் ஒன்றைக் கட்டித் தந்தது. கரி இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் நின்று மடிப்புக் கலையாமல் தேய்த்த துணியை வெள்ளைத் துணியில் பொதிந்து, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு புறப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த மூட்டையும் அந்தச் சைக்கிளும் ஒன்றை ஒன்று பிரிந்தால் பயனற்றவை. பஸ்ஸில் மூட்டை ஏறினாலும், இறங்கிய பின் வீடுவீடாகச் செல்வது எங்ஙனம்? மட்டாஞ்சேரிப் பகுதியிலிருந்து தோப்பும்படி, வெண்டுருத்தி ஆகிய இரு பாலங்களையும் கடந்து எர்ணாகுளத்துக்குச் சாலைவழி சுமார் 10 கிலோமீட்டர். இளங்காளைக்கு அது பெரிதன்று. அறுபது வயதுக்காரர்க்குப் போக 10, வர 10 என்பது மார்பை அடைக்கும் தூரம்.

நீரின் மேல் செல்லும் வண்டிகள் இந்த வகையில் இரயிலைவிடத் தாராளமாகவே இருந்து வந்துள்ளன. கோட்டைக்கும் வைப்பின் தீவுக்கும் இடையே வாகனங்களை ஏற்றிச் செல்லும் ஜங்காரை நாம் எல்லோரும் ஏறியிருப்போம். இச்சொல்லின் வரலாறு சுவையானது. இரண்டு ஓடங்களைப் பிணைத்து மேலே பலகை பரப்பிய மிதவையை மலையாளத்தில் சங்ஙாடம் என்பர். தமிழில் அதற்குச் சங்கடம் என்றே பெயர். போர்த்துக்கீசியர் இதைத் தம் நாவுக்கேற்ப ஜங்காடா என்று ஆக்கிக்கொண்டனர். அது திரும்பவும் நம் கரைக்கே ஜங்காராக வந்து சேர்ந்தது. சங்கடத்தில் ஏறிச் சங்கடம் தீர்ந்தவர் பலர்! 2018இல் அவ்விடத்தில் கொச்சின் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ரோ-ரோ கலங்கள் ஓடத் தொடங்கின. லாரியோடும் காரோடும் சைக்கிளும் ஒரு பயணியாகவே அதில் ஏறி நிற்கும். தளம் தாழ்ந்து கரையோடு பொருந்துவதால் தூக்கி ஏற்ற வேண்டியதில்லை, உருட்டினால் போதும். மிதிவண்டிக்கு வழிவிடுவது பெரும்பாலும் இத்தகைய வாயிலின் அகலத்தையும் தளத்தின் சமநிலையையும் பொறுத்தது என்பதை ஒரு முறை ஏறியவரும் கண்டுகொள்வர்.

மெட்ரோ இரயிலில் அந்தச் சமநிலை இயற்கையாகவே அமைந்துள்ளது. பழைய புகைவண்டியில் மூன்று படி ஏற வேண்டும். மெட்ரோவிலோ நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டம், கதவும் அகலம். கீழிருந்து நடைமேடைக்குச் செல்ல மின்தூக்கி உண்டு. கொச்சி மெட்ரோ 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆலுவாயிலிருந்து பாலாரிவட்டம் வரை ஓடத் தொடங்கியது. படிப்படியாக நீண்டு 2020 செப்டம்பரில் பேட்டை வரை வந்தது. 2024 மார்ச்சில் திருப்பூணித்துறை முனையத்தை எட்டியது. பொன் நெற்றிப்பட்டம் தந்த ஊருக்கு நூற்றிருபது ஆண்டு கழித்து இந்த இரயில் வந்ததை எண்ணி நாம் மகிழ்ந்தோம்.

மெட்ரோ இரயில்களுக்கென 2002இல் இயற்றப்பட்ட நடுவணரசுச் சட்டமோ, பயணி தம் சொந்தப் பொருள் அடங்கிய சிறு பையை மட்டுமே, அதுவும் குறித்த அளவுக்கும் எடைக்கும் உட்பட்டே, கொண்டு செல்லலாம் என்கிறது. அந்தச் சிறு பை என்ற சொல்லுக்குள் மிதிவண்டி அடங்குமா என்று வாதிட்டால் ஆண்டுக்கணக்கில் வாதிடலாம். கொச்சி நிறுவனத்தார் வாதத்தில் இறங்காமல் முதலில் ஆறு நிலையங்களில் சோதனையாகத் தொடங்கினர். சங்ஙம்புழை பூங்கா, பாலாரிவட்டம், டவுன் ஹால், எர்ணாகுளம் தெற்கு, மகாராஜா கல்லூரி, எளங்குளம் என்பவை அவை. மின்தூக்கியைப் பயன்படுத்தலாம், மூன்று பெட்டி கொண்ட வண்டியின் இரு முனைகளிலும் மிதிவண்டியை நிறுத்தலாம் என்றனர். மக்கள் வரவேற்பைக் கண்டு பின்னர் எல்லா நிலையங்களுக்கும் அதை விரித்தனர். தொற்றுநோய்க் காலத்தில் நெரிசலுக்கு அஞ்சிய மக்கள் மிதிவண்டியை நாடியதும், இரயிலில் கூட்டம் குறைந்திருந்ததும் இதற்குத் துணை செய்தன எனலாம். நல்லது எக்காரணத்தால் வந்தாலும் நல்லதே.

பிற நாட்டு விதிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். மிதிவண்டியின் தாயகம் என்று புகழப்படும் நெதர்லாந்தில், இரயிலில் அதை ஏற்றத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் ஏற்றவே கூடாது. கோடை விடுமுறையான ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மட்டும் அத்தடை தளர்கிறது. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் மடக்கக்கூடிய மிதிவண்டிக்கு மட்டுமே அனுமதி. மடித்த பின் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்கு மேற்படலாகாது. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் 2010ஆம் ஆண்டு முதல் புறநகர் இரயிலில் மிதிவண்டிக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. பெருங்கூட்டம் கூடும் நடு நிலையம் ஒன்றில் மட்டும் நெரிசல் நேரத்தில் அதை ஏற்றவோ இறக்கவோ கூடாதென்றனர். கட்டணத்தை நீக்கியதால் பயணிகள் பெருகினரேயன்றி நட்டம் நேரவில்லை.

மடக்கு சைக்கிள் விதியைப் பற்றி ஒரு சொல். பார்வைக்கு அது நடுநிலையாகத் தோன்றுகிறது. யாவர்க்கும் ஒரே அளவுகோல்தானே? ஆனால் மடக்கு வண்டி வாங்க வல்லவர் யார்? சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ் போன்ற கறுப்பு இரும்பு வண்டிகள்தாம் நம் தந்தையர் ஓட்டியவை. அகன்ற கேரியர், கனத்த ஸ்டாண்டு, இரண்டு மூட்டை அரிசி தாங்கும் சட்டம். அதை மடக்க எந்தப் பீமனாலும் ஆகாது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழி ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றதும் இத்தகைய சாதாரண வண்டியைத்தான். எனவே, முழு அளவு மிதிவண்டியையும் ஏற்கும் கொச்சியின் விதி, செல்வர்க்கு மட்டும் கதவு திறக்கும் விதி அன்று. அந்த ஓர் அம்சத்துக்காகவே நாம் அதைப் பாராட்டுகிறோம்.

ஆயினும் பாராட்டி முடிக்குமுன் நம் ஊரின் குறை கண்ணில் உறுத்துகிறது. மெட்ரோ இரயில் மட்டாஞ்சேரிக்கு வரவில்லை. ஆலுவாயில் வாழ்பவர் மிதிவண்டியோடு ஏறி எர்ணாகுளத்தில் இறங்கலாம். யாருடைய பிழைப்பு மிதிவண்டியிலேயே கட்டுண்டு கிடக்கிறதோ, அந்த மட்டாஞ்சேரிக்காரர் இரயிலைக் காணவே முதலில் இரு பாலங்களையும் மிதித்துக் கடக்க வேண்டும். அவ்வாறு கடந்தவர்க்கு அதன் பின் இரயில் எதற்கு? ஆலுவாயிலோ களமசேரியிலோ வேலை இருந்தால் உதவும், உண்மைதான். கோட்டையிலிருந்தும் மட்டாஞ்சேரியிலிருந்தும் அன்றாடம் செல்வோரில் பெரும்பாலோர்க்குத் தடையாய் நிற்பது அந்த முதல் 10 கிலோமீட்டரே; அதில் பாதிக்கு மேல் நீரைச் சுற்றி வரும் வழி.

இவ்விடத்தில்தான் நீர்வழி மெட்ரோ நம் நினைவுக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் மின்கலப் படகுகள் கொச்சிக் காயலில் ஓடத் தொடங்கின. மறு ஆண்டே கோட்டைக் கொச்சிக்கு வந்தன. மட்டாஞ்சேரிக்கு வருவதற்குத்தான் நெடுங்காலம் ஆயிற்று. முன்பு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் வந்த துறையில் சேறு படிந்து, சில ஆண்டுகள் படகே வராமல் கிடந்ததை முதியோர் மனம் நொந்து பேசுவார்கள். அரண்மனைக்கும் பரதேசி யூதப் பள்ளிக்கும் வரும் வெளிநாட்டார் ஆட்டோவில் வந்து போயினர். படகுக்குக் காத்திருந்தவர் ஊரார் மட்டுமே. கடைசியில் 2025 அக்டோபரில் மட்டாஞ்சேரி முனையமும் வெல்லிங்டன் தீவு முனையமும் ஒருங்கே திறக்கப்பட்டன. இந்தப் படகுகளும் மெட்ரோ இரயிலைப் போலவே மிதவை மேடையின் மட்டத்துக்கு இசைந்து நிற்பவை. சக்கர நாற்காலியில் இருப்பவரும் தடையின்றி ஏறுமாறு அமைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலி உருளும் தளத்தில் மிதிவண்டியும் உருளும். எர்ணாகுளத்து உயர்நீதிமன்றத் துறையில் இறங்கினால் மகாராஜா கல்லூரி மெட்ரோ நிலையம் சைக்கிளுக்குச் சில நிமிட தூரமே. இரயிலுக்கு ஒரு விதி, படகுக்கு வேறொரு விதி என்று பிரித்து வைக்காமல், மட்டாஞ்சேரித் துறையில் ஏறும் மிதிவண்டி ஆலுவாய் வரை ஒரே சீராய்ச் செல்லுமாறு ஒரே விதியாய் எழுத வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நெரிசல் மிக்க காலை நேரத்தில் ஒரு படகுக்கு இத்தனை என்று எண்ணிக்கை வரையறுத்தாலும் குறையில்லை. உச்சி வேளையிலும் மாலை கழிந்த பின்னும் தடையின்றி விட்டால், துணி கொடுக்கப் போகும் நம்மவர்க்கு அதுவே போதும். அவர்கள் எர்ணாகுளம் போவது பெரும்பாலும் அலுவலகக் கூட்டம் அடங்கிய பிறகுதான்.

இதை எழுதும் நாளில் வேளியிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் இச்செய்தியைச் சொன்னோம். சைக்கிளுக்கு டிக்கட் கிடையாது என்பதை அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, மூட்டையை அவிழ்க்காமலே ஏற்றலாமா என்று மட்டும் கேட்டார். டயரில் காற்று இருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, தோப்பும்படிப் பக்கம் மிதித்துச் சென்றார்.